ஊர்வலம் எந்த வீதியால் போவது? ஆசிய அரசியலில் மதம் நுழையும் வழிகள்

கொழும்பின் கொட்டாஞ்சேனையில் ஒரு மணித்தியாலம் நடந்தால் போதும். சாந்த லூசியா பேராலயத்தின் குவிமாடம், தீபதுத்தமாராம விகாரை, கருங்கல்லால் எழுந்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில், தெருவுக்குத் தெரு பாங்கோசை எழுப்பும் பள்ளிவாசல்கள் எல்லாம் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும். ஆசியாவின் மத அரசியலைப் படிக்கத் தொடங்குகிறவருக்கு இது நல்ல வகுப்பறை. உலகின் பெரிய மதங்கள் அத்தனையும் பிறந்த கண்டம் ஆசியா. அவை இன்றும் இங்கே வேலிக்கு வேலி அயலாகத்தான் வாழ்கின்றன.

மதக் கலவரம் என்றதும், இரண்டு கூட்டம் தங்கள் தங்கள் கடவுளுக்காகச் சண்டை போடுவதாக ஒரு படம் மனதில் வரும். அந்தப் படத்தை முதலில் கழற்றி வைக்க வேண்டும். தேவாரமும் திரிபிடகமும் பைபிளும் குர்ஆனும் ஒன்றோடொன்று உடன்படாதது இன்று நேற்றைய விஷயமல்ல. அந்த முரண்பாடு மட்டுமே கலவரத்துக்குக் காரணமென்றால் கொட்டாஞ்சேனை தினந்தோறும் எரிய வேண்டும். எரியவில்லை. செவ்வாய்க்கிழமையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள்: மெழுகுதிரியோடு நிற்கும் வரிசையில் சைவர்களும் இருப்பார்கள், பௌத்தர்களும் இருப்பார்கள்.

அரசு எதையாவது மதத்தின் பெயரால் பங்கு போடும்போதுதான் நெருப்புப் பற்றுகிறது. வீதியைப் பயன்படுத்தும் உரிமை, விடுமுறை நாள், பாராளுமன்ற ஆசனம், குடியுரிமை, திருமணச் சட்டம், காணி, பிணத்தைப் புதைக்கும் உரிமை என்று அந்தப் பங்கு பல உருவத்தில் வரும். ஆசியாவில் மதம் அரசியலுக்குள் வந்தது பெரும்பாலும் கோயில் வாசலால் அல்ல, கச்சேரி என்னும் அரச அலுவலகத்தின் வாசலால்.

பறையும் மணியும்

1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பௌத்த ஊர்வலம் ஒன்று பறை முழங்கக் கொட்டாஞ்சேனை விகாரையை நோக்கி வந்தது. பேராலயத்தை அண்டிய இடத்தில் கத்தோலிக்கர் திரண்டு நின்றார்கள். கைகலப்பு மூண்டது, ரத்தம் சிந்தியது. எவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அரசு கிறிஸ்தவர் பக்கம் நிற்கிறது என்ற மனக்குறை பௌத்தர்களிடம் வளர்ந்தது. அமெரிக்கரான கேணல் ஒல்கொட் அவர்களுடைய முறைப்பாட்டோடு 1884-இல் லண்டன் போனார். 1885-இல், புத்தரின் பிறப்பைக் கொண்டாடும் வெசாக் தினம் அரச விடுமுறையானது. அதே வெசாக் நாளில், ஏப்ரல் 28-இல், கொழும்பில் கூடிய ஒரு குழு வடிவமைத்த பௌத்தக் கொடி முதன்முறையாக ஏறியது. ஏற்றிய இடம் அதே தீபதுத்தமாராம விகாரை.

இந்தச் சம்பவத்தில் கொள்கைச் சண்டை எதுவும் இல்லை. ஊர்வலம் என்பதைப் பிரித்துப் பார்த்தால் நான்கு விஷயங்கள் தேறும்: பாதை, நேரம், ஓசை, அனுமதி. முதல் மூன்றும் பக்தர்கள் கையில் இருக்கும். நான்காவது அரசின் கையில். எந்த நாளில், எந்த வீதியால், எவ்வளவு சத்தத்தோடு போகலாம் என்று அதிகாரி தீர்மானிக்கும் கணத்தில், ‘இந்த வீதி யாருடையது’ என்ற கேள்விக்கும் அரசு பதில் சொல்லிவிடுகிறது. தோற்றவருக்கு அது சாமியின் தோல்வியாக அல்ல, தன் இனத்தின் தோல்வியாகப் படும்.

32 ஆண்டு கழித்து இதே கதை கண்டிப் பக்கம் திரும்ப வந்தது, இன்னும் கொடூரமாக. கம்பளையில் வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹெரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது பறையை நிறுத்த வேண்டுமா என்று வழக்கு. தேவாலயத் தரப்பு 1815 கண்டி உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவைக் காட்டியது. பௌத்த மதமும் அதன் சடங்குகளும் காக்கப்படும் என்று ஆங்கிலேயர் அதில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கண்டி மாவட்ட நீதிமன்றம் 1914-இல் தேவாலயத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 1915-இல் அதை மாற்றியது. அந்த ஆண்டு வெசாக் இரவில் கண்டியில் பள்ளிவாசல் ஒன்றின் முன் தொடங்கிய மோதல் சில நாட்களில் கொழும்பு வரை பரவியது. அடிபட்டவர்கள் முஸ்லிம்கள், பெரும்பாலும் இந்தியக் கரையிலிருந்து வந்து கடை போட்டிருந்த கரையோரச் சோனகர். கடைக் கடனும் யுத்தகால விலையேற்றமும் அந்தக் கோபத்துக்குள் கலந்திருந்தன. ஆங்கிலேய அரசு இராணுவச் சட்டம் போட்டு, டி. எஸ். சேனாநாயக்க உள்ளிட்ட சிங்களத் தலைவர்களைச் சிறையில் அடைத்தது. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரை ஜூலை 7-இல் சுட்டுக் கொன்றது.

தமிழ் வாசகர் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சிங்களத் தலைவர்களுக்காக வாதாடி லண்டன் வரை போனவர் சேர். பொன்னம்பலம் இராமநாதன். திரும்பி வந்தபோது சிங்களப் பிரமுகர்களே அவரது வண்டியை இழுத்துச் சென்றார்கள். அடிபட்ட முஸ்லிம்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால், தமிழர்–முஸ்லிம் உறவில் விழுந்த பழைய விரிசல்களில் ஒன்று எங்கே தொடங்கியது என்பது புரியும்.

கொழும்பில் பிறந்த அந்தக் கொடி நம் கதையை விட்டுப் போய்விடவில்லை. உலக பௌத்தர்களின் பொதுக்கொடியாக அது ஆசியா முழுவதும் பரவியது. 1963 மே மாதம் தென் வியட்நாமின் ஹுவே நகரில் வெசாக்குக்கு அந்தக் கொடியை ஏற்றக் கூடாதென்று உத்தரவு வந்தது. நாட்டை ஆண்ட ங்கோ டின் டியெம் கத்தோலிக்கர். அவருடைய அண்ணன் அங்கே பேராயர். சில நாட்களுக்கு முன்புதான் அந்தப் பேராயரின் விழாவுக்கு வத்திக்கான் கொடிகள் பறந்திருந்தன. மே 8-இல் எதிர்ப்புத் தெரிவித்த கூட்டத்தில் உயிர்கள் போயின. ஜூன் 11-இல் சைகோன் சந்தியொன்றில் திக் குவாங் டுக் என்ற துறவி தீக்குளித்தார். நவம்பரில் இராணுவம் டியெமைக் கவிழ்த்துக் கொன்றது. ஒரு மதத்தின் கொடிக்கு அனுமதி, இன்னொன்றுக்குத் தடை என்ற அந்த ஒரேயொரு உத்தரவு ஆறே மாதத்தில் அரசின் அத்திவாரத்தை ஆட்டிவிட்டது.

ஒரு வசனத்தின் பாரம்

அடுத்த வாசல் அரசியலமைப்பு. சுதந்திரத்தோடு இலங்கைக்குக் கிடைத்த சோல்பரி அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவு இருந்தது. எந்த இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகத்தையோ சலுகையையோ தரும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்பது அதன் சாரம். 1972 குடியரசு யாப்பு அந்தப் பிரிவைக் கைவிட்டு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978 யாப்பின் 9-ஆவது உறுப்புரை, பௌத்த சாசனத்தைப் பாதுகாத்துப் பேணி வளர்ப்பது அரசின் கடமை என்கிறது. அதே வசனம் 10-ஆவது உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் தரும் மதச் சுதந்திரத்தைப் பிறருக்கு உறுதிப்படுத்தவும் செய்கிறது. இதை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, மக்கள் தீர்ப்பும் வேண்டும்.

‘அது வெறும் மரியாதைச் சொல்தானே’ என்று பலர் கேட்பார்கள். அப்படியில்லை. 2003-இல் கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மதத்தைப் பரப்பும் வேலையையும் பொருளாதார உதவியையும் ஒரே சபை செய்வது யாப்புக்கு முரண் என்று தீர்ப்பு வந்தது. 9-ஆவது உறுப்புரையும் அதில் காட்டப்பட்டது. இப்படிப்பட்ட வசனம் எழுதிய அன்றே யாரையும் கடிக்காது. பத்து, இருபது ஆண்டு கழித்து நீதிமன்றத்தில், திணைக்களத்தில், இராணுவ முகாமில், பிரதேச செயலகத்தில் யாராவது அதைத் தூக்கிக் காட்டும்போதுதான் பல் தெரியும்.

நாட்காட்டியிலும் இது நடந்திருக்கிறது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறை இல்லை. சந்திரனின் கலைகளையொட்டிப் பௌத்தர் புனிதமாகக் கொள்ளும் போயா நாளும் அதற்கு முந்திய நாளும்தான் வார விடுமுறை. கிறிஸ்தவர் பூசை நாளில் வேலைக்குப் போனார்கள். சந்திரனைப் பார்த்து விடுமுறை நகர்ந்ததால் வெளிநாட்டு வணிகமும் வங்கியும் குழம்பின. கடைசியில் அரசே கைவிட்டது. போயா விடுமுறை மட்டும் மிஞ்சியது.

மற்ற நாடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தோனேசியா 1945 ஆகஸ்ட் 17-இல் சுதந்திரம் அறிவித்தது. மறுநாளே யாப்பின் முகவுரையிலிருந்து ஏழு சொற்களை வெட்டினார்கள். முஸ்லிம்கள் ஷரீஆவைப் பின்பற்றும் கடமை பற்றிய சொற்கள் அவை. கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் பிரிந்து போய்விடுவார்களோ என்ற அச்சமே காரணம். பல தீவுகள் ஒரே நாடாக நிற்க அந்த வெட்டு உதவியது. அதே வெட்டை ஏற்காதவர்கள் மேற்கு ஜாவாவில் 1962 வரை ஆயுதப் போராட்டம் நடத்தியதும் உண்மை. பாக்கிஸ்தானோ எதிர்த்திசையில் போனது. 1949-இல் இறைமை இறைவனுக்கே என்ற குறிக்கோள் தீர்மானம், 1956-இல் இஸ்லாமியக் குடியரசு என்ற பெயர். 1974-இல், தங்களை முஸ்லிம்கள் என்றே சொல்லும் அகமதியர் முஸ்லிம்கள் அல்லர் என்று பாராளுமன்றமே யாப்பைத் திருத்தியது. ‘முஸ்லிம்களுக்கான நாடு’ என்று தொடங்கினால், ‘யார் முஸ்லிம்’ என்று அரசு தீர்ப்புச் சொல்லும் நாள் வந்தே தீரும். எந்த மதத்தை அந்த இடத்தில் வைத்தாலும் இதுதான் நடக்கும். மலேசியாவில் மலாய்க்காரர் என்பதற்கு யாப்பின் 160-ஆவது பிரிவே வரைவிலக்கணம் தருகிறது, அதில் இஸ்லாத்தைப் பின்பற்றுவதும் ஒரு நிபந்தனை. அங்கே மதத்தை விட்டால் இனமும் கைநழுவுகிறது.

தலை எண்ணுதல்

குடிசன மதிப்பீடு ஓர் அப்பாவிக் காரியமாகத் தெரியும். கொப்பியோடு ஒருவர் வருவார், மதம் என்ன என்று கேட்பார், எழுதிக்கொண்டு போவார். ஆசிய மோதல்களில் மிக ஆழமான காயங்கள் சில அந்தக் கொப்பியிலிருந்து வந்தவை.

பிரித்தானிய இந்தியா 1870-களில் மதவாரியாகத் தலை எண்ணத் தொடங்கியது. அதற்கு முன் ஒரு கிராமத்தான் தன்னை இன்ன சாதி, இன்ன ஊர் என்றுதான் சொல்வான். நாடு முழுக்க இத்தனை கோடி இந்துக்கள், இத்தனை கோடி முஸ்லிம்கள் என்ற கணக்கு வந்ததும் ‘நாம் குறைகிறோமா, அவர்கள் கூடுகிறார்களா’ என்ற அச்சமும் கூடவே வந்தது. 1909-இல் மின்டோ–மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கொடுத்தது. அதன் பிறகு முஸ்லிம் வேட்பாளர் இந்து வாக்காளரிடம் வாக்குக் கேட்கும் தேவையே இல்லாமல் போனது. 38 ஆண்டுகள் கழித்து, இந்தியாவையே முன்பின் பார்த்திராத சிறில் ராட்கிளிஃப் சுமார் ஐந்து வாரத்தில் அதே மதக் கணக்கைக் கையில் வைத்து எல்லைக்கோடு கீறினார். சுதந்திரம் ஆகஸ்ட் 15-இல் வந்தது, கோடு எங்கே ஓடுகிறது என்பது 17-இல்தான் வெளியானது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். பல லட்சம் பேர் இறந்தார்கள்.

லெபனானில் தலை எண்ணுதல் நின்றுபோனதே பிரச்சினை. அங்கே கடைசியாக மக்களை முறையாக எண்ணியது 1932-இல். அந்தக் கணக்கை வைத்து 1943-இல் தேசிய உடன்பாடு செய்தார்கள்: ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. பாராளுமன்றத்தில் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம். காலம் போகப் போக மக்கள்தொகை மாறியது. ஆனால் மறுபடி எண்ணினால் பங்கையும் மாற்ற வேண்டிவரும் என்பதால் யாரும் எண்ணத் துணியவில்லை. பலஸ்தீன அகதிகளின் வருகை, வறுமை, அயல்நாட்டுத் தலையீடு எல்லாம் சேர்ந்து 1975-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 15 ஆண்டு நீடித்தது. 1989 தாயிஃப் உடன்பாட்டில் விகிதம் சரிபாதியானது. இன்றைய 128 ஆசனங்களில் 64 கிறிஸ்தவருக்கு, 64 முஸ்லிம்களுக்கு. மூன்று பதவிகளின் பிரிப்பு அப்படியே இருக்கிறது.

பங்கீட்டு முறையைக் குற்றம் மட்டும் சொல்வது நியாயமல்ல. துவக்கைக் கீழே வைக்கச் சொல்லும்போது ‘உனக்கும் ஓர் இடம் உண்டு’ என்று காட்ட அது உதவுகிறது. ஆனால் எந்த ஆண்டின் கணக்கைக் கொண்டு பங்கு போட்டார்களோ அந்த ஆண்டிலேயே நாடு உறைந்துவிடுகிறது. பாடசாலையைத் திருத்த ஆசைப்படும் அரசியல்வாதிகூடத் தன் மதப் பிரிவின் வழியாகத்தான் மேலே வர முடிகிறது.

மியன்மாரில் எண்ண மறுப்பதே ஆயுதமாயிற்று. 1982 குடியுரிமைச் சட்டத்தின்கீழ் அரசு ஏற்ற 135 இனங்களின் பட்டியலில் ரோகிங்கியா முஸ்லிம்கள் இல்லை. 2014 குடிசன மதிப்பீட்டில் தங்களை ரோகிங்கியா என்று பதியக் கேட்டவர்களை எண்ணாமலே விட்டார்கள். 2017 ஆகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேஷின் கொக்ஸ் பஜாருக்குத் தப்பி ஓடினார்கள்.

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம். பாக்கிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்குக் குடியுரிமைப் பாதையை அது இலகுவாக்குகிறது. முஸ்லிம்கள் இல்லை என்பதைப் பலரும் பேசினார்கள். இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. 1983-க்குப் பின் தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்ட ஈழத்தமிழர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்துக்கள். மதத்தின் பெயரால் கதவு திறந்தபோதும் அவர்களுக்கு அது திறக்கவில்லை. மத அளவுகோல் என்று வெளியே சொல்லப்படுவதற்குள் இன்னோர் அரசியல் கணக்கு இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இலங்கையின் கொப்பியிலும் ஒரு முடிச்சு உண்டு. தமிழ் பேசும் சைவரும் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் ஒரே இனமாக எண்ணப்படுகிறார்கள். அதே தமிழைப் பேசும் முஸ்லிம் ‘சோனகர்’ என்ற வேறு நிரலில் வருகிறார். 1888-இல் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். தனிப் பிரதிநிதித்துவம் கேட்டவர்களுக்கு அது தங்கள் ஆசனத்தைப் பறிக்கும் வாதமாகத் தெரிந்தது. ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907-இல் மறுப்பு எழுதினார். அன்று தொடங்கிய விவகாரம் அதோடு முடியவில்லை. கிறிஸ்தவரான செல்வநாயகத்தைப் பெரும்பாலும் சைவர்களான தமிழர்கள் தந்தை என்று அழைத்துத் தலைமேல் வைத்தார்கள். அந்த மொழியுறவு முஸ்லிம்கள் வரை நீளவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள், யாழ்ப்பாணத்தில் சில மணித்தியால அவகாசத்தில். மொழி ஒன்று என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. மதம் ஒன்று என்பதும் காப்பாற்றாது: 1971-இல் பாக்கிஸ்தான் இராணுவம் கிழக்கு வங்கத்தில் கொன்றவர்களில் பெருந்தொகையானோர் வங்கமொழி முஸ்லிம்கள்.

கலியாணமும் காணியும்

திருமணம், விவாகரத்து, சீதனம், சொத்துரிமை ஆகியவற்றை மதவாரிச் சட்டத்துக்கு விட்டுவிடுவது காலனி ஆட்சியின் வழக்கம். சுதந்திர நாடுகள் பல அதைத் தொடர்ந்தன. லெபனானிலும் இஸ்ரேலிலும் உள்நாட்டில் சிவில் திருமணம் செய்ய முடியாது. இரு மதத்து ஜோடிகள் சைப்பிரசுக்குப் போய்ப் பதிவு செய்கிறார்கள். இலங்கையில் கண்டியச் சட்டமும் தேசவழமையும் உண்டு. ஆனால் தேசவழமை மதச் சட்டமல்ல, யாழ்ப்பாண வழமை. சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் ஒன்றுபோல் பொருந்தும். 1951 முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம்தான் மதம் சார்ந்தது. ஏனையோரின் திருமண வயது 1995-இல் 18 ஆனபோது இந்தச் சட்டத்துக்கு அது பொருந்தவில்லை. திருத்தம் கேட்டு முன்னே நின்றவர்கள் முஸ்லிம் பெண்களே. 2009-இல் குழு அமைந்தது, அறிக்கை 2018-இல்தான் வந்தது. மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் முஸ்லிம் தீவிரவாதிகளின் குண்டு வெடித்தது. அதுவரை அந்தப் பெண்களின் குரலைக் கேளாதவர்கள் திடீரென்று அதே கோரிக்கையை முஸ்லிம்களைக் குட்டும் தடியாக எடுத்தார்கள். வெளியார் கை ஓங்கியதும் சமூகம் சட்டத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டது. இந்தியாவில், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கு ஜீவனாம்சம் வழங்கிய 1985 ஷா பானு தீர்ப்புக்குப் பின்னும் இதே சுழல்தான் சுழன்றது.

காணிப் பிரச்சினை இன்னும் கடினமானது. சம்பளத்தையும் ஆசனத்தையும் அரைக்கு அரை பிரிக்கலாம். புனித இடத்தைப் பிரிக்க முடியாது. இரு தரப்புக்கும் அந்த ஒரு கல், அந்த ஓர் அடி மண்தான் வேண்டும். மத மோதல் மற்ற மோதல்களைவிட நீண்டு போவதற்கு இதுவே பெருங்காரணம். நம்பிக்கையின் ஆழம் உண்மையிலேயே கணக்கில் வருவதும் இங்கேதான். அயோத்தியில் வழக்கு நடந்தது 2.77 ஏக்கருக்கு. 1992 டிசம்பர் 6-இல் பாபர் மசூதியை இடித்த பின் இந்திய நகரங்களில் மூண்ட கலவரங்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் நிலம் முழுவதையும் கோயிலுக்கும், வேறிடத்தில் ஐந்து ஏக்கரைப் பள்ளிவாசலுக்கும் கொடுத்தது. இதில் கவனிக்க வேண்டியது 1991-இல் இந்தியா இயற்றிய இன்னொரு சட்டம். 1947 ஆகஸ்ட் 15-இல் எந்த வழிபாட்டிடம் எந்த மதத்துடையதாக இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்றது அது. அயோத்திக்கு மட்டும் விலக்கு. ஒரு திகதியைக் குறித்து ‘இதற்கு முன்னால் தோண்ட வேண்டாம்’ என்று சொல்வது நீதியல்ல என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அதைச் செய்யாத இடத்தில் தோண்டுவது எங்கேயும் நிற்பதில்லை.

எருசலேமில் இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தை ஆறு கிறிஸ்தவப் பிரிவுகள் பகிர்கின்றன. ஒட்டோமான் ஆட்சியில் எழுதிய ‘உள்ளது உள்ளபடி’ ஒழுங்கின்படி, யார் எந்த விளக்கைத் துடைப்பது, எந்தப் படியைக் கூட்டுவது என்பதுவரை பிரித்திருக்கிறார்கள். கதவுச் சாவியும் காவலும் இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. முகப்பு யன்னலடியில் ஒரு மர ஏணி நெடுங்காலமாக அப்படியே சாத்திக் கிடக்கிறது. எடுக்க எல்லோரும் ஒப்பவேண்டும் என்பதால் யாரும் எடுப்பதில்லை. அங்கே துறவிகள் கைகலந்ததும் உண்டு. ஆனால் அந்த ஒழுங்கு கட்டடத்தைக் காத்திருக்கிறது.

நம் நாட்டில் அப்படியோர் எழுத்து ஒழுங்கு இல்லாத இடத்தில் தொல்பொருள் திணைக்களம் வந்து நிற்கிறது. முல்லைத்தீவு குருந்தூர்மலையில் ஊர்த் தமிழர் ஐயனாரை வணங்கி வந்தார்கள். அகழ்வு நடந்தது, பௌத்தக் கட்டுமானம் எழுந்தது, வழக்கும் தடையுத்தரவும் தொடர்ந்தன. மலையில் பழைய பௌத்தச் சின்னம் இருந்திருக்கலாம். பழந்தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்ப் பௌத்தம் இருந்ததை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு பழைய செங்கல் அங்கே அன்று யார் வழிபட்டார்கள் என்பதைக் காட்டலாம், இன்று யார் குடியிருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கக் கூடாது. கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கு 2020 ஜூனில் அமைந்த ஜனாதிபதிச் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. கல்லைவிட அந்தப் பெயர்ப் பட்டியல்தான் அச்சத்தை ஊட்டியது.

காவியும் வாக்கும்

மதகுருமாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதில் நாடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. ஈரானில் பாதுகாவலர் சபையின் 12 உறுப்பினர்களில் ஆறு பேர் உச்சத் தலைவர் நியமிக்கும் மார்க்க அறிஞர்கள். பாராளுமன்றச் சட்டத்தைத் தடுக்கவும் வேட்பாளரைக் கழிக்கவும் அந்தச் சபைக்கு முடியும். சீனாவில் தலைகீழ்: மறுபிறவி எடுக்கும் திபெத்திய லாமாவை அங்கீகரிக்கவும் அரச அனுமதி வேண்டும் என்று 2007-இல் விதி வந்தது. பௌத்த நாடுகளான தாய்லாந்து, மியன்மார், பூட்டான் மூன்றிலும் பிக்குகளுக்கு வாக்குரிமை இல்லை. இலங்கையில் வாக்கும் உண்டு, போட்டியிடும் உரிமையும் உண்டு. 2004-இல் பிக்குகளை நிறுத்திய ஜாதிக ஹெல உறுமய கட்சி ஒன்பது ஆசனம் பிடித்தது.

வாக்குரிமையைப் பறித்தால் துறவி அரசியலை விட்டுவிடுவார் என்பது தவறு. மியன்மாரில் 2007-இல் இராணுவ ஆட்சிக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் பிக்குகள். சில ஆண்டுகளில் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னவர்களும் பிக்குகளே. இலங்கையில் 1956-இல் பண்டாரநாயக்கவைப் பிரதமராக ஆட்சிக்குக் கொண்டுவர உழைத்த பிக்குகளில் ஒருவர், 1959-இல் நடந்த பண்டாரநாயக்கவின் கொலைச் சதியில் பின்னர் குற்றவாளியாகக் காணப்பட்டார். சுட்டவரும் பிக்கு.

எல்லாவற்றுக்கும் அரசே காரணம் என்றால் அதுவும் பிழை. 2019 ஏப்ரல் 21-இல் கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் 260-க்கு மேற்பட்டோரைக் கொன்றவர்கள் எல்லை கடந்த ஒரு வன்முறைக் கொள்கையை ஏற்றவர்கள். அவர்கள் கொன்ற மக்கள் அவர்களுக்கு எந்தத் தீங்கும் செய்தவர்களல்லர். ஆனால் முன்னெச்சரிக்கை கிடைத்தும் அரசு அசையாததும், அதன் பின் முஸ்லிம் சமூகம் முழுவதையும் சந்தேகத்தில் நிறுத்தியதும் அரசியல். 2020-இல் கொவிட்டால் இறந்தோரைக் கட்டாயமாக எரிக்க வைத்தார்கள். உலக சுகாதார அமைப்பு அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்தது. 2021 பெப்ரவரி வரை அது தொடர்ந்தது. 2024-இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சாம்பலைக் கையில் வாங்கிய குடும்பங்களுக்கு அந்தத் தாள் எதைத் திருப்பித் தரும்?

இனி ஒரு மதக் கலவரச் செய்தி கண்ணில் பட்டால் எந்த மதம் என்பதோடு நிற்காமல், எந்த வர்த்தமானி, எந்தச் சட்டம், எந்த ஆண்டுக் கணக்கு, எத்தனை ஏக்கர் என்று தேடுங்கள். முதல் வதந்திக்கும் முதல் கல்லுக்கும் இடையில் பொலிஸ் எங்கே நின்றது என்று பாருங்கள். 2014 அளுத்கமையிலும் 2018 திகனையிலும் தெரு விபத்தோ வாய்த்தகராறோதான் தொடக்கம். சின்னப் பிணக்கைப் பெருந்தீயாக்கியது இடையில் நடந்த கூட்டமும் பேச்சும், தடுக்க வேண்டியவர்கள் தாமதித்ததுமே.

எதிர்த்திசைக்கும் உதாரணம் உண்டு. வெலிகமையில் இரண்டு முஸ்லிம் தரப்பினருக்கிடையே ஒலிபெருக்கி பற்றிய பிணக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2007 நவம்பரில் வந்த உத்தரவு பாங்கைப் பற்றி மட்டும் பேசவில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்றும், விசேட தினங்களுக்கு நிபந்தனையோடு தரலாம் என்றும் எல்லோருக்கும் ஒரே விதி வைத்தது. பன்சலையில், அதாவது விகாரையில், ஓதும் பிரித்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் தேவாலயப் பாடலுக்கும் இசைக் கச்சேரிக்கும் அதுவே கடிகாரம். கொட்டாஞ்சேனையில் 1883-இல் ஊர்வலத்தை அனுமதித்த அதிகாரியின் கையில் அப்படியோர் எழுத்து இருக்கவில்லை.